கறிவேப்பிலைத் தொட்டியால் ஃபெயில் ஆன நீச்சல் குளம்

சிட்னியில் குளம் உள்ள வீட்டை வாடகைக்கு விடுவதென்றால் பாதுகாப்புச் சான்றிதழ் வேண்டும், 3 வருடம்தான் செல்லும். எங்களுடையது காலாவதியாகிவிட்டது, குடிவருபவர்களும் அவசரப்படுத்தினார்கள், அதனால் இந்த முறை உள்ளூராட்சி கவுன்சிலுக்குப் போகாமல் தனியார் சோதனையாளர் ஒருவரைக் கூப்பிட்டோம். முதல் தடவைக்கு 240 டாலர், திரும்ப வந்து பார்க்க 100.

சின்னப் பிள்ளைகள் நுழையாமலிருக்கக் குளத்தைச் சுற்றிப் போட்ட வேலி கண்ணாடி, புதுசு, பாஸ் ஆகிவிடும் என்று நம்பிக்கையோடு நின்றேன். மனிதர் கேட்டை அகலத் திறந்து விட்டார், அழகாகச் சாத்திக்கொண்டது. அப்புறம் தாழ்ப்பாளுக்கு ஒரு விரற்கடை தூரத்தில் மெதுவாக வைத்துக் கையை எடுத்தார். அப்படியே நின்றது. எந்த நிலையில் விட்டாலும் தானாகச் சாத்தித் தாழ் விழ வேண்டுமாம்; கீலின் ஸ்பிரிங் தளர்ந்து போனதை நாங்கள் கவனித்ததே இல்லை.

அடுத்தது கறிவேப்பிலை. வெயில் நன்றாகப் படுகிறதே என்று வேலிக்கு வெளியே ஒட்டி வைத்திருந்த பெரிய தொட்டி. வேலி 1.2 மீட்டர் உயரம் இருந்தால் மட்டும் போதாது, அதைச் சுற்றி 90 செ.மீ.க்குள் ஏறி நிற்க எதுவும் இருக்கக் கூடாது, கம்பிகளுக்கு நடுவே 10 செ.மீ.க்கு மேல் இடைவெளி கூடாது. டேப்பை வைத்து அளந்து, மூன்று வயசுப் பிள்ளை எங்கே கால் வைக்கும் என்று குனிந்து பார்த்துக் காட்டினார். மூச்சு நின்றவருக்கு முதலுதவி செய்வது எப்படி என்று காட்டும் சிபிஆர் பலகையும் வெயிலில் வெளுத்துப் போயிருந்தது, 3 மீட்டர் தள்ளி நின்றால் படிக்க முடியவில்லை. ஆக மூன்று குறை. திட்டவில்லை, பயமுறுத்தவில்லை, தானே ஆள் வைத்துச் சரி செய்கிறேன் என்று கூடுதல் பணத்துக்கும் அடிபோடவில்லை. 6 வாரத்துக்குள் சரி செய்யாவிட்டால் கவுன்சிலுக்குத் தகவல் போகும் என்று மட்டும் சொன்னார்.

இன்னொன்றும் சொல்லிவிட்டுப் போனார்: கோடையில் கடையில் வாங்கிக் காற்றடித்து வைக்கிறோமே, அந்தப் பிள்ளைகள் தொட்டியில் 30 செ.மீ.க்கு மேல் தண்ணீர் நிற்குமென்றால் அதற்கும் வேலி வேண்டும். நம் ஆட்கள் எத்தனை பேருக்கு இது தெரியும்?

ஒரு விஷயம்தான் எனக்கு ஏமாற்றம். தண்ணீரை அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பச்சையாக இருந்திருந்தாலும் சான்றிதழ் கிடைத்திருக்கும், ஏனென்றால் இந்தச் சோதனை வேலிக்கும் பலகைக்கும் மட்டும். வீட்டுக் குளத்தில் குளோரின் 1 முதல் 3 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), தண்ணீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் 7.2 முதல் 7.6 என்று வைத்துக்கொள்வது நம் பொறுப்பு. எங்களுடையது உப்பிலிருந்து குளோரின் எடுக்கும் மெஷின், பிஎச் ஏறிக்கொண்டே போகும், அவ்வப்போது ஆசிட் விட வேண்டும். மூக்கைத் துளைக்கிற குளோரின் வாடை வந்தால் சுத்தமான தண்ணீர் என்று அர்த்தமில்லை, வியர்வையும் மூத்திரமும் குளோரினோடு சேர்ந்து கிளப்பும் வாடை அது. வாடகைக்கு வருபவர்களிடம் இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்.

கீல் மாற்ற 85 டாலர், பலகை 20. பத்தாம் நாள் மறுபடி வந்தார், ஐந்து நிமிடம்தான், அன்று ராத்திரியே சான்றிதழ் மின்னஞ்சலில் வந்துவிட்டது. ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். தொட்டியைத் துணி துவைக்கும் அறைக்குப் பின்னால் நகர்த்தினோம். அங்கே வெயில் போதாமல் இலை உதிர்கிறது என்று மனைவி இன்னும் அந்த மனிதரைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறாள்.