பியர்ஸும் ஐவரியும்: இரண்டு சோப்பு, இரண்டு உத்தி

1880களில் அமெரிக்க இதழ்களின் விளம்பரப் பக்கங்களில் மோதிக்கொண்ட சோப்புகளுள், லண்டனிலிருந்து வந்த பியர்ஸ் கேலிக்கு அஞ்சவில்லை. அமெரிக்க நகரமான சின்சினாட்டியின் ஐவரி எண் கணக்கை நம்பியது.

இங்கிலாந்தின் 'பஞ்ச்' இதழில் 1884இல் ஹாரி ஃபர்னிஸ் வரைந்த கேலிச்சித்திரத்தில், பரட்டைத் தலையும் அழுக்குமாக உட்கார்ந்திருக்கும் நாடோடி ஒருவன், இரண்டாண்டுகளுக்கு முன் உங்கள் சோப்பைப் பயன்படுத்தினேன், அதன்பின் வேறு சோப்பைத் தொட்டதே இல்லை என்று நற்சான்றுக் கடிதம் எழுதுகிறான். நற்சான்று விளம்பரங்களையே குத்திக்காட்டிய அந்தப் படத்தைப் பியர்ஸ் நிறுவனம் விலைக்கு வாங்கித் தன் விளம்பரமாக்கிக்கொண்டது.

1882 டிசம்பரில் நியூயார்க்கின் 'இண்டிபெண்டன்ட்' வார இதழில் வந்த ஐவரி விளம்பரத்தில் சிரிப்பில்லை: கட்டியை நூலால் இரண்டாக்கும் கைகள், 99 44/100 சதவீதத் தூய்மை என்ற கணக்கு, அவ்வளவே. மீதி 56/100 சதவீத மாசைத் தானே ஒப்புக்கொள்ளும் அந்தத் துல்லியம், என் பார்வையில், நாடோடியின் கடிதத்தைவிட நுட்பமான நகைச்சுவை, நினையாமல் நேர்ந்ததுதான் என்றாலும்.