அம்பையிலிருந்து பாளைக்கு: பைக்கா, பஸ்ஸா, ரயிலா?

அம்பாசமுத்திரம் (அம்பை), கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர் பக்கமிருந்து தினமும் திருநெல்வேலிக்கோ, அதை ஒட்டிய பாளையங்கோட்டைக்கோ (பாளை) வேலைக்குப் போகிறவர்கள் யாரிடமாவது, பைக்குக்கு மாசம் எவ்வளவு ஆகிறது என்று கேட்டுப் பாருங்கள். யோசிக்காமல் ‘மூவாயிரம்’ என்பார்கள். அது பெட்ரோல் காசு மட்டும்தான். பங்கில் வாரம் தவறாமல் பர்ஸைத் திறப்பதால் பெட்ரோல் மனதில் நிற்கிறது. டயர் வருஷத்துக்கு ஒருமுறை வருகிற செலவு, செயின் அதைவிட அபூர்வம், அதனால் அதெல்லாம் ஞாபகத்தில் தங்குவதில்லை. பஸ்ஸோடும் ரயிலோடும் ஒப்பிடுகிறபோது இந்த மூவாயிரத்தைத்தான் எடுத்து வைக்கிறோம். கணக்கு தொடங்கும்போதே பைக் பக்கம் சாய்ந்துவிடுகிறது.

அம்பையிலிருந்து திருநெல்வேலி ஜங்ஷன் சுமார் 35 கிலோமீட்டர். போக வர 70. மாதம் 25 நாள் வேலை என்றால் 1,750 கிலோமீட்டர், வருஷத்துக்கு 21,000. வீட்டிலிருந்து கடைக்கும் கோயிலுக்கும் போய் வருகிற வண்டி நாலு வருஷத்தில் ஓடுவதை இது ஒரே வருஷத்தில் ஓடுகிறது. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

முதலில் 100 சிசி பைக். ஸ்ப்ளெண்டர் மாதிரி ஒரு வண்டி நிதானமாக ஓட்டினால் லிட்டருக்கு 60 கொடுக்கும். விளம்பரத்தில் சொல்லும் கணக்கை விடுங்கள். டேங்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பிப் பார்க்கிற கணக்குதான் கணக்கு. ‘இருநூறுக்குப் போடுங்க’ என்று போட்டுக்கொண்டே போகிறவர்களுக்குத் தங்கள் வண்டியின் மைலேஜ் கடைசி வரை தெரியவே தெரியாது. லிட்டர் 102 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதம் 29 லிட்டருக்குக் கிட்டத்தட்ட 3,000 ரூபாய். சரி, அந்த மூவாயிரம் வந்துவிட்டது.

அப்புறம் தேய்மானம். 3,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றுவதுதான் இந்தப் பக்கத்து வழக்கம். கம்பெனி புத்தகம் இன்னும் தள்ளிப்போடச் சொல்லலாம். ஆனால் மே மாத வெயிலில் தினமும் 70 ஓடுகிற வண்டிக்கு மெக்கானிக் சொல்வதைத்தான் நான் கேட்பேன். இந்த ஓட்டத்துக்கு ஏழு வாரத்துக்கு ஒரு ஆயில். எனக்கு வழக்கமாக வேலை பார்க்கிறவர் டிரெயின் போல்ட்டைக் கழற்றிவிட்டு, கீழே வட்டையில் விழுவதை விரலால் தொட்டுத் தேய்த்துப் பார்ப்பார். நாள் கடந்து வந்த வண்டி என்றால் முகத்தைப் பார்க்காமலேயே, “அண்ணாச்சி, எத்தன மாசமாச்சு? டீத்தூளு மாதிரில்லா வருது” என்பார். அதற்கு மேல் திட்டு வேண்டியதில்லை.

ஆயிலும் கூலியும் 550 என்றால் மாதக் கணக்கில் 320. பின் டயர் 20,000 கிலோமீட்டரில் வழுக்கையாகிவிடும், முன் டயர் இன்னும் கொஞ்சம் தாங்கும். இரண்டுக்கும் மாதம் 250 ஒதுக்கலாம். செயினும் பல்சக்கரமும் சேர்ந்த செட், பிரேக் ஷூ, பிளக், கேபிள், அவ்வப்போது பஞ்சர் எல்லாவற்றுக்கும் 250 சொச்சம். ஆக 800 ரூபாய்க்கு மேல்தான். இன்சூரன்ஸ் பெரிய விஷயமில்லை: 75 முதல் 150 சிசி வரை மூன்றாம் தரப்புக் காப்பீடு வருஷத்துக்கு 714 ரூபாய், வரி தனி. மாதத்துக்கு அறுபது எழுபதுதான்.

பெரிய தொகை வண்டியின் விலையில் இருக்கிறது. 2025 செப்டம்பரில் 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனபிறகு விலை இறங்கித்தான் இருக்கிறது. அப்படியும் ரோட்டுக்கு வரும்போது 90,000 ஆகிறது என்று வைப்போம். ஐந்து வருஷத்தில் ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டியை 30,000-க்குத் தள்ளினால் அதிர்ஷ்டம். மீதி 60,000 ரூபாயை 60 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் ஆயிரம். கடனில் எடுத்தவர்கள் வட்டியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் கூட்டினால் மாதம் 4,900 ரூபாயைத் தொடுகிறது. கிலோமீட்டருக்கு 2 ரூபாய் 80 காசு. மூவாயிரத்துக்கும் இதற்கும் எவ்வளவு தூரம் பாருங்கள்.

டிவிஎஸ் எக்ஸ்எல் மொபெட்? வயலுக்கும் சந்தைக்கும் அதை அடிக்க ஆளில்லை. தினமும் 35 கிலோமீட்டர் மெயின் ரோட்டில், பின்னால் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வரும்போது ஓட்டுகிற வண்டி அது இல்லை. 110 சிசி ஸ்கூட்டர் 45-ஐ ஒட்டித்தான் கொடுக்கும். பெட்ரோலுக்கே ஆயிரம் ரூபாய் கூடிவிடும். சின்னச் சக்கரம் என்பதால் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது முதுகெலும்புக்குக் கேட்கும்.

இனி காசில் அடங்காத சங்கதி. அம்பை மேற்கே, நெல்லை கிழக்கே. காலையில் போகும்போது சூரியன் நேர் எதிரே. சாயங்காலம் திரும்பும்போது அதே சூரியன் மேற்கே இறங்கி மறுபடியும் முகத்துக்கு நேரே. பாளையில் குடியிருந்து அம்பையில் வேலை பார்க்கிறவருக்கு இரண்டு வேளையும் வெயில் முதுகில்தான் அடிக்கும். நமக்கு இரண்டு வேளையும் கண்ணில். பத்தமடையைத் தாண்டி வரும்போது எதிரே வருவது லாரியா டிராக்டரா என்று தெரியாமல் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஓட்டுகிற நிமிஷங்கள் உண்டு. வைக்கோல் ஏற்றிய டிராக்டர் என்றால் பாதி ரோடு அதற்கே. வெயில் போய் இருட்டினால் வயல்வெளிப் பூச்சி. முகம் மூடாத ஹெல்மெட் போட்டு இந்த ரோட்டில் இரவில் ஓட்டவே முடியாது. ஹெல்மெட் இல்லாவிட்டால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்பதற்காகப் போடுகிறவர்களும், இந்தப் பூச்சிக்காக முழு முக ஹெல்மெட்டாக வாங்கிவிடுவார்கள்.

ஆனி, ஆடிக் காற்று இன்னொன்று. தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாக இறங்கி நேரே கிழக்கே வீசுகிறது. காலையில் அது பின்னாலிருந்து தள்ளிவிடும், வண்டி பறக்கும். மாலையில் வீரவநல்லூரைத் தாண்டியதும் நாலாவது கியரில் வண்டி திணறும், மூன்றாவதுக்கு இறக்கினால் இரைச்சல். 60 கொடுத்த வண்டி ஐம்பத்துச் சொச்சத்துக்கு வந்துவிடும். பெட்ரோல் நானூறு ரூபாய் கூட ஆவதைப் பொறுத்துக்கொள்ளலாம். பஸ் கடந்து போகும்போது அது மறைத்த காற்று சட்டென்று பக்கவாட்டில் அறைகிறதே, அதுதான் பயம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மழைக்கோட்டு போட்டும் பேண்ட் முழங்காலுக்குக் கீழே நனையாமல் அலுவலகம் போய்ச் சேர்ந்தவரை நான் பார்த்ததில்லை. 2023 டிசம்பர் 17, 18 மாதிரி ஜங்ஷன் பேருந்து நிலையமே தண்ணீரில் முங்கிய நாட்களில் பைக், பஸ், ரயில் எல்லாம் ஒன்றுதான், எதுவும் ஓடாது. அதை விடுங்கள்; வருஷா வருஷம் வருகிற சாதாரண மழைதான் பைக்குக்குச் சோதனை.

பஸ்ஸுக்கு வருவோம். 2018-இல் சாதாரணப் புறநகர்ப் பேருந்துக் கட்டணத்தை முதலில் கிலோமீட்டருக்கு 60 காசாக்கி, எதிர்ப்பு வந்ததும் 58 ஆக்கினார்கள். அந்தக் கணக்கில் 35 கிலோமீட்டருக்கு இருபது ரூபாய் சொச்சம். நடைக்கு 25 என்று வைத்தாலும் போக வர ஐம்பது. ஜங்ஷனிலிருந்து பாளைக்கு டவுன் பஸ், ஷேர் ஆட்டோ என்று இருபது. மாதம் 1,750 ரூபாய். பைக்கில் மூன்றில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான்.

பெண்களுக்கு இந்தக் கணக்கு வேறு. 2021-லிருந்து சாதாரண நகரப் பேருந்தில் கட்டணமில்லை. பேட்டை, முன்னீர்பள்ளம் மாதிரி டவுன் பஸ் ஓடுகிற ஊரிலிருந்து வருகிற பெண்ணுக்குப் போக்குவரத்துச் செலவு அநேகமாகப் பூஜ்யம். அங்கிருந்து ஸ்கூட்டரில் வருகிறவர்கள் காசுக்காக வரவில்லை, நேரத்துக்காகத்தான் வருகிறார்கள்.

பஸ்ஸின் குறை நேரம். பேட்டை, டவுன் வழியாகச் சுற்றுகிற வண்டியில் ஏறிவிட்டால் டவுன் ஆர்ச்சிலிருந்து ஈரடுக்கு மேம்பாலம் ஏறி இறங்குவதற்குள் ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிடலாம். பைக்காரர் பத்தமடையிலிருந்து முன்னீர்பள்ளம், மேலப்பாளையம் வழியாக டவுனைத் தொடாமலேயே பாளைக்குள் நுழைந்துவிடுவார். ஒரு மணி நேரத்தில் அலுவலக வாசல். பஸ்ஸில் காத்திருப்பும் சேர்த்து ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகும். தினமும் இரண்டு வேளை இந்த முக்கால் மணி நேரம் யாருக்குத்தான் இருக்கிறது?

ரயில்தான் இந்தப் பாதையின் சொத்து, பலர் அதைக் கண்டுகொள்வதில்லை. செங்கோட்டை லைன் 2012-இல் அகலப்பாதையான பிறகு அம்பையிலிருந்து நெல்லைக்கு ஒரு மணி நேரத்தை ஒட்டித்தான் ஆகிறது. மாத சீசன் டிக்கெட் 300 ரூபாய்க்குள். மூன்று மாதத்துக்குச் சேர்த்து எடுத்தால் மூன்று மடங்கு இல்லை, 2.7 மடங்குதான். முன்பதிவுப் பெட்டியில் மட்டும் ஏறிவிடக்கூடாது. ஸ்டேஷன் வரை போகிற வண்டிக்குப் பெட்ரோல் 200, சைக்கிள் ஸ்டாண்டில் மாதத்துக்கு 300, ஜங்ஷனிலிருந்து பாளைக்கு 500 என்று தாராளமாகவே போட்டாலும் எல்லாம் சேர்த்து 1,300 ரூபாயில் முடிகிறது. கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் வேலை என்றால் அந்த ஐந்நூறும் மிச்சம். சுலோசனா முதலியார் பாலத்தைத் தாண்டி இருபது, இருபத்தைந்து நிமிஷம் நடந்தால் போதும்.

பைக்கோடு பார்த்தால் மாதம் 3,600, வருஷத்துக்கு நாற்பதாயிரத்துக்கு மேல் வித்தியாசம். ‘ரயிலில் போனாலும் வீட்டில் வண்டி இருக்கத்தானே செய்யும், தேய்மானம் எங்கே மிச்சம்’ என்று கேட்கலாம். வண்டி இருக்கும், ஆனால் மாதம் 1,750-க்குப் பதில் நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்தான் ஓடும். ஐந்து வருஷத்தில் விற்கிற வண்டி பத்து வருஷம் நிற்கும்.

அப்புறம் ஏன் எல்லோரும் ரயிலில் போவதில்லை? வண்டிகள் குறைவு. ஒற்றைப் பாதை வேறு, எதிர் வண்டிக்காக ஏதாவது ஸ்டேஷனில் நிற்க வேண்டும். காலையில் சமாளித்துவிடலாம், மாலையில் கிளம்புகிற நேரத்தில் மேலதிகாரி ஒரு ஃபைலை நீட்டினால் அந்த வண்டி போச்சு. அடுத்ததற்குக் காத்திருப்பதைவிட பஸ் பிடிப்பதே மேல். பைக்குக்குக் கூடுதலாகக் கொடுக்கிற 3,600 ரூபாய் உண்மையில் இந்த மாலை நேரத்துக்கான விலைதான். அது கொடுக்கத் தகுந்த விலையா என்பது அவரவர் அலுவலகத்தைப் பொறுத்தது. ஐந்தே முக்காலுக்குக் கதவைப் பூட்டுகிற அலுவலகத்தில் இருந்துகொண்டு தினமும் பைக் ஓட்டுவது எனக்குப் புரியாத கணக்கு.

மின்சார ஸ்கூட்டரைப் பற்றி இரண்டு பயம் உலவுகிறது. ஒன்று கரண்டு பில். ஒரு யூனிட்டுக்கு 30 கிலோமீட்டர் என்று வைத்தால் இரண்டு மாதத்துக்குச் சுமார் 117 யூனிட். தமிழ்நாட்டில் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப் படியின் விலையும் ஏறிவிடும் என்பது உண்மைதான். 2024 ஜூலைக் கட்டணப்படி 420 யூனிட் ஓடுகிற வீட்டுக்கு 1,324 ரூபாய். அது 537 ஆனால் 2,401. வித்தியாசம் 1,077, அதாவது மாதம் 540. பெட்ரோல் மூவாயிரத்துக்கு எதிரே இது ஒன்றுமே இல்லை. ஆகவே அந்தப் பயம் வீண்.

இரண்டாவது பயம் பேட்டரி, அதில் நியாயம் இருக்கிறது. சில மாடல்களுக்கு வாரண்டி மூன்று வருஷம் அல்லது 50,000 கிலோமீட்டர், எது முன்னால் வருகிறதோ அது. நம் ஓட்டத்தில் இரண்டரை வருஷத்துக்கு முன்பே 50,000 முடிந்துவிடும். சின்ன பேட்டரி வண்டி என்றால் ஆடிக் காற்றில் திரும்பும்போது கல்லிடை வருவதற்குள் மீட்டரைப் பார்த்துப் பார்த்தே ஓட்ட வேண்டியிருக்கும். அலுவலகத்தில் சார்ஜ் போட இடம் இருந்தால், வாரண்டி நீளமான மாடலாகவும் இருந்தால், யோசிக்கலாம். இல்லாவிட்டால் அது 20, 25 கிலோமீட்டர் தூரத்துக்காரருக்கான வண்டி.

தூரம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்பதால் அப்படியே சொல்லிவிடுகிறேன். சேரன்மகாதேவி வரை, அதாவது இருபது கிலோமீட்டருக்குள் இருப்பவர்கள் பைக்கில் போகலாம். ரயிலுக்குக் காத்திருக்கிற நேரத்தில் போய்ச் சேர்ந்தே விடலாம், செலவும் மாதம் மூவாயிரத்துக்குள் அடங்கும். வீரவநல்லூருக்கு மேற்கே இருப்பவர்கள், வேலை நேரம் நிலையாக இருந்தால், சீசன் டிக்கெட் எடுத்துவிட்டு வாரத்துக்கு ஒன்றிரண்டு நாள், தாமதமாகும் என்று முன்பே தெரிகிற நாட்களில், பைக்கை எடுப்பதுதான் சரி. ஒரே தெருவிலிருந்து ஒரே பக்கம் போகிற இருவர் மொத்தச் செலவையும் பாதிப் பாதி போட்டுக்கொண்டால் பைக் பஸ்ஸுக்குக் கொஞ்சம் பக்கத்தில் வரும். ஆனால் ஒருவர் கிளம்பும் நேரத்துக்கு இன்னொருவர் காத்திருக்க வேண்டும், அது எத்தனை மாதம் தாங்கும் என்பது நட்பைப் பொறுத்தது.

ஷிப்ட் வேலைக்காரர்களுக்கும், ஜவுளிக்கடையில் இரவு ஷட்டர் இறக்கிய பிறகு கிளம்புகிறவர்களுக்கும் இந்த அலசலால் பெரிய பிரயோஜனம் இல்லை. அவர்களுக்கு பைக் ஒன்றுதான் வழி. அவர்கள் மட்டும் ஆயில் தேதியைக் காலண்டரில் குறித்து வைத்துக்கொண்டு, பின் டயரை மழைக்கு முன்னால், புரட்டாசிக்குள் மாற்றிவிடுவது நல்லது.