தாங்களே அழித்த கோப்புகளை மீட்கக் கட்டணம்: மடிக்கணினி பழுதுபார்க்கும் கடை குறித்து ஓர் எச்சரிக்கை

மடிக்கணினி இயங்கவில்லை என்பதும் அதற்குள் இருக்கும் கோப்புகள் போய்விட்டன என்பதும் வெவ்வேறு செய்திகள். முதலாவது நடந்ததும் இரண்டாவதும் நடந்துவிட்டது என்று வாடிக்கையாளரை நம்பவைத்துப் பணம் பறிக்கும் கடைகள் இருக்கின்றன. சென்னையின் தென்புறநகரில் உள்ள அப்படிப்பட்ட ஒரு கடையில் எனக்கு நேர்ந்ததை இங்கே பதிவு செய்கிறேன். புகார் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரைக் குறிப்பிடவில்லை.

நான் பள்ளித் தமிழாசிரியை. 2018ஆம் ஆண்டு வாங்கிய என் மடிக்கணினியில் 1 டெராபைட் ஹார்டு டிஸ்க் இருந்தது. பேட்டரி வலுவிழந்து, சார்ஜரைச் செருகினால்தான் இயங்கும் என்ற நிலையில், விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருந்தபோது மின்சாரம் நின்றுவிட்டது. அதன்பிறகு இயக்கும்போதெல்லாம் நிறுவனத்தின் சின்னம் தோன்றும். தானியங்கிப் பழுதுநீக்கம் நடைபெறுவதாக ஒரு வரி வரும். மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். என் வினாத்தாள்களும் பாடக்குறிப்புகளும் அம்மாவின் கடைசி இரண்டு ஆண்டுப் புகைப்படங்களும் சி டிரைவில், டெஸ்க்டாப்பிலேயே இருந்தன. அதே டிஸ்கின் இன்னொரு பகுதியான டி டிரைவில் பள்ளி ஆண்டுவிழா வீடியோக்களும் பழைய பாடல்களும் இருந்தன. இந்தப் பிரிவினை பின்னால் முக்கியமாகிறது.

கடையில் இருந்த இளைஞர் ஒருமுறை இயக்கிப் பார்த்துவிட்டு, "விண்டோஸ் கரப்ட் ஆயிருக்கு மேடம், ஓஎஸ் போட்டா சரியாயிடும்" என்றார். ஓஎஸ் என்றால் விண்டோஸ் என்னும் இயங்குதளம். கோப்புகளை முதலில் நகலெடுத்துவிட்டுத்தான் வேறு எதையும் செய்ய வேண்டும் என்று சொன்னேன். அவர் எழுதித் தந்த சீட்டில் 'ஓஎஸ்' என்ற ஒற்றைச் சொல்தான் இருந்தது. டேட்டா வேண்டும் என்பதையும் எழுதுங்கள் என்றதற்கு, "அதெல்லாம் எடுத்து வச்சிட்டுத்தான் போடுவோம்" என்று சிரித்தார். நானே பேனாவை வாங்கி, கார்பன் நகலிலும் பதியும்படி அழுத்தி, 'டெஸ்க்டாப் கோப்புகள் அனைத்தும் வேண்டும்' என்று எழுதினேன். இன்று என் கையில் இருக்கும் சான்றுகளில் அந்த ஒரு வரிக்குத்தான் மதிப்பு அதிகம்.

மறுநாள் மாலை கடையின் உரிமையாளரே தொலைபேசியில் அழைத்தார். ஹார்டு டிஸ்க் முழுவதும் போய்விட்டது என்றும், கோப்புகளை மீட்க வெளியிலுள்ள ஒரு லேபுக்கு அனுப்ப வேண்டும் என்றும், அதற்கு 12,000 ரூபாய் ஆகும் என்றும் சொன்னார். பேசிப் பேசி 8,500க்கு இறங்கினார். சுழலும் தகடு இல்லாத புதுவகை டிஸ்கான எஸ்எஸ்டிக்குத் தனியாக 2,800. பாதித் தொகையை உடனே ஜிபேயில் அனுப்பச் சொன்னார். அந்த எண் கடையின் பெயரில் இல்லாமல் தனிநபர் பெயரில் இருந்தது. பில் கேட்டபோது, வெளியில் கொடுத்துச் செய்யும் வேலைக்குப் பில் கிடையாது என்று பதில் வந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். முதல் நாள் விண்டோஸ் கெட்டுவிட்டது என்றவர்கள் அடுத்த நாள் டிஸ்க்கே செத்துவிட்டது என்றார்கள். ஆனால் நான் கண்ட அந்தப் பழுதுநீக்கத் திரையும் அதே டிஸ்கின் ஒரு தனிப் பகுதியிலிருந்துதான் ஏற்றப்படுகிறது. முழுவதும் செயலிழந்த டிஸ்கிலிருந்து அந்தத் திரை வந்திருக்க வழியில்லை.

மடிக்கணினி திரும்பி வந்தபோது பழைய டிஸ்கைத் தர மறுத்தார்கள். "அது வேஸ்ட் மேடம், நாங்களே டிஸ்போஸ் பண்ணிடுறோம்" என்றார்கள். என் ஆதார் நகலும் வங்கி அறிக்கைகளும் இருந்த பொருளை இன்னொருவர் குப்பையில் போடுவதற்கு நான் சம்மதிக்கவில்லை. சற்று நேரம் வாக்குவாதம் நடந்த பிறகு உள்ளேயிருந்து எடுத்துவந்து கொடுத்தார்கள். பழுதுபார்க்கக் கொடுக்கும் எவரும் கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்காமல் கடையை விட்டு வரக்கூடாது என்று இதனால்தான் சொல்கிறேன்.

'டேட்டா' என்ற பெயரில் ஒரு கோப்புறையை வைத்து, அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட கோப்புகளை மீட்டிருப்பதாக உரிமையாளர் பெருமையுடன் காட்டினார். திரையில் அவர் திறந்து காட்டியவை ஆண்டுவிழா வீடியோக்கள். பெயரும் வரிசையும் மாறாமல் எல்லாம் அப்படியே இருந்தன. நம்பிக்கையோடு மீதிப் பணத்தையும் கொடுத்தேன். வீட்டில் நிதானமாகப் பார்த்தபோதுதான், சரியாக இருந்தவை அனைத்தும் டி டிரைவைச் சேர்ந்தவை என்பது தெரிந்தது. சி டிரைவில் இருந்தவை 'ரெகப் டிர்' என்று தொடங்கும் எண்ணற்ற கோப்புறைகளில், ஒவ்வொன்றிலும் ஐந்நூறு ஐந்நூறாகக் கொட்டப்பட்டிருந்தன. 'பத்தாம் வகுப்பு அரையாண்டு' என்று நான் பெயரிட்டிருந்த வினாத்தாள், எஃப் என்ற எழுத்தும் அதையடுத்து நீண்ட ஓர் எண்ணும் கொண்ட பெயரோடு எங்கோ கிடந்தது. எது எந்த வகுப்புக்குரியது என்று அறிய ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டியிருந்தது. அந்த அறுபதாயிரத்தில் பெரும்பகுதி, இணையத்தில் உலவும்போது தானாகச் சேமிக்கப்பட்ட விளம்பரப் படங்களும் நகத்தளவுச் சின்னங்களும். அம்மாவின் படங்களில் பல திறக்கவே இல்லை. திறந்தவற்றுள் சிலவற்றில் நெற்றியும் கண்களும் மட்டும் தெரிய, மூக்கிற்குக் கீழே எல்லாம் சாம்பல் நிறப் பட்டையாக இருந்தது.

சென்னையின் மின்னணுப் பொருள் சந்தையான ரிச்சி தெருவில் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் என் முன்னாள் மாணவர் ஒருவர் இதைப் பார்த்ததும் விளக்கம் சொன்னார். ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருள் தன் வெளியீட்டுக்கு இடும் பெயர்கள்தாம் இவை. அந்த மென்பொருள் டிஸ்கின் பெயர்ப் பட்டியலைப் பார்ப்பதே இல்லை. ஒரு ஜேபெக் படம் எந்தக் குறியீட்டோடு தொடங்கும், ஒரு வேர்டு ஆவணம் எப்படித் தொடங்கும் என்பதை வைத்துக்கொண்டு டிஸ்க் முழுவதையும் துழாவி, கிடைப்பதை அள்ளித் தரும். அதனால் பெயர்களும் கோப்புறை அமைப்பும் வருவதில்லை. துண்டு துண்டாகச் சேமிக்கப்பட்டிருந்த கோப்பு பாதியில் நின்றுவிடும். அது நல்ல மென்பொருள்தான். அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் டிஸ்க் அழிக்கப்படாமல் இருந்திருந்தால் அதைப் பயன்படுத்த வேண்டிய தேவையே வந்திருக்காது. வெறுமனே நகலெடுத்திருந்தாலே என் கோப்புகள் என் பெயர்களோடு வந்திருக்கும்.

பிறகு அவர் பழைய டிஸ்கை ஒரு யுஎஸ்பி கேபிளில் மாட்டித் தன் கணினியில் இணைத்தார். செத்துவிட்டதாகச் சொல்லப்பட்ட டிஸ்க் சில நொடிகளில் திரையில் வந்து நின்றது. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருள் அதன் உடல்நிலையை 'நன்று' என்று காட்டியது. பழுதாகி ஒதுக்கி வைக்கப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை பூஜ்யம். சி டிரைவில் புத்தம் புதிய விண்டோஸ் இருந்தது. பயனர் கோப்புறை உருவான தேதியைத் திறந்து காட்டினார். அது நான் கடையில் கொடுத்ததற்கு மறுநாள் காலை. "இது போன டிஸ்க் இல்ல டீச்சர், ஃபார்மட் பண்ண டிஸ்க்" என்றார்.

நடந்தது இதுவாகத்தான் இருக்க முடியும். காலையில் கடை ஊழியர் சீட்டில் இருந்த 'ஓஎஸ்' என்ற சொல்லை மட்டும் பார்த்து, சி டிரைவை ஃபார்மட் செய்து விண்டோஸைப் பதித்துவிட்டார். அடியில் நான் எழுதியதை யாரோ பின்னர் கவனித்திருக்கிறார்கள். அதன்பின் டிஸ்க் கெட்டுவிட்டது என்ற கதை பிறந்தது. அதற்கு ஒரு லேபும் பிறந்தது. தாங்கள் செய்த தவறுக்கான பரிகாரத்தை என்னிடமே 8,500 ரூபாய்க்கு விற்றுவிட்டு, தேவையில்லாத ஓர் எஸ்எஸ்டியையும் தலையில் கட்டிவிட்டார்கள். தவறிப்போய் அழித்துவிட்டோம் என்று அன்றே உண்மையைச் சொல்லியிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும், ஆனால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

விரைவு ஃபார்மட் செய்யும்போது அழிவது பெரும்பாலும் கோப்புகளின் பட்டியல்தான். உள்ளடக்கம் சுழலும் ஹார்டு டிஸ்கில் அப்படியே இருக்கும். ஆனால் அதன்மேல் விண்டோஸைப் பதித்தால் இருபது ஜிபிக்கு மேல் புதிதாக எழுதப்படுகிறது. அதற்கு அடியில் சிக்கியவை எந்த லேபுக்குப் போனாலும் திரும்ப வராது. என் மாணவர் டிஸ்கை முழுமையாக இன்னொரு டிஸ்கிற்குப் படியெடுத்து, அசலைத் தொடாமல் படியிலேயே தேடினார். பழைய பட்டியலின் எஞ்சிய பகுதியை வாசிக்கும் வேறொரு மென்பொருளின் மூலம் என் வினாத்தாள்களில் கணிசமானவை பெயர்களோடு கிடைத்தன. அதாவது, கடைக்காரர்கள் வாங்கிய காசுக்கு அந்த வேலையைக்கூட ஒழுங்காகச் செய்யவில்லை.

என் டிஸ்க் பழைய வகையாக இருந்ததால்தான் இவ்வளவாவது மிஞ்சியது. எஸ்எஸ்டியாக இருந்து இப்படி ஃபார்மட் செய்திருந்தால், டிரிம் என்ற ஏற்பாடு காலியான இடங்களை டிஸ்கிற்கே அறிவித்துத் துடைக்கச் செய்துவிடும். அதன்பிறகு மீட்பு என்பது பெரும்பாலும் பேச்சளவில்தான். இன்றைய மடிக்கணினிகளில் ஏறத்தாழ எல்லாமே எஸ்எஸ்டி என்பதால், 'முதலில் ஓஎஸ் போட்டுப் பார்ப்போம்' என்ற பேச்சுக்கு இடமே கொடுக்கக்கூடாது.

மடிக்கணினி இயங்காதபோது முதலில் கேட்க வேண்டியது, டிஸ்கைத் தனியே கழற்றி இன்னொரு கணினியில் இணைத்துப் பார்த்தீர்களா என்பதுதான். பவர் சர்க்யூட், மதர்போர்டு, ரேம், திரை என்று எது கெட்டிருந்தாலும் டிஸ்க் நலமாக இருக்க வாய்ப்பு உண்டு. அதைக் கழற்றி இணைக்கும் கேபிள் சில நூறு ரூபாய்தான். டிஸ்க் இணைப்பில் சாட்டா, என்விஎம்இ என்று இரு வகை உண்டு, இரண்டுக்கும் வெவ்வேறு அடாப்டர்கள் என்பதை மட்டும் பார்த்து வாங்க வேண்டும். கழற்றாமலும் செய்யலாம்: உபுண்டு போன்ற லினக்ஸைப் பென் டிரைவில் ஏற்றி, எதையும் பதிக்காமல் அதிலிருந்தே கணினியை இயக்கினால், வன்பொருள் நலமாக இருக்கும் பட்சத்தில் கோப்புகள் தெரியும்; வெளி டிஸ்கிற்கு நகலெடுத்துக்கொள்ளலாம். அண்மைக்கால மேக்புக்குகளைப் போலச் சேமிப்பகம் போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும் கணினிகளில் கழற்றும் வழி இல்லை. அவற்றுக்குப் போர்டையே சரிசெய்யத் தெரிந்தவர் வேண்டும்.

விண்டோஸ் 11 கணினிகளில் டிஸ்கில் உள்ளதைத் திறவுகோல் இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டும் பிட்லாக்கர் குறியாக்கம் நாம் கேட்காமலேயே இயங்கிக்கொண்டிருக்கலாம். அப்போது டிஸ்கை வேறு கணினியில் மாட்டினாலும், மதர்போர்டை மாற்றினாலும் 48 இலக்க மீட்புத் திறவுகோல் கேட்கும். பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும்; கைபேசியிலிருந்தே உள்நுழைந்து எடுக்கலாம். திறவுகோல் கேட்கும் திரையைக் காட்டி 'டிஸ்க் லாக் ஆகிவிட்டது, ஃபார்மட் செய்தாக வேண்டும்' என்று சொல்லும் கடையை விட்டு உடனே வெளியேறுங்கள்.

ஹார்டு டிஸ்கிலிருந்து டக் டக்கென்று சத்தம் வந்தால் மட்டும் கதை வேறு. அப்போது அது உண்மையிலேயே கெட்டிருக்கக்கூடும். மறுபடி மறுபடி இயக்கிப் பார்ப்பது உள்ளிருக்கும் தகடுகளைச் சுரண்டிவிடக்கூடும். தூசியற்ற அறை இல்லாத கடையில் அதைத் திறக்க விடக்கூடாது. முறையாக மீட்புப் பணி செய்பவர்கள் முதலில் படியெடுத்து, கிடைக்கும் கோப்புகளின் பட்டியலைப் பெயர்களோடு காட்டுவார்கள். வேலை எந்த லேபில் நடக்கிறது என்ற கேள்விக்குப் பதில் சொல்லாதவரிடம் பணம் கொடுக்க வேண்டாம். பட்டியலில் உங்களுக்கு உண்மையில் வேண்டிய கோப்பு எது என்று சொல்லி, அதையே உங்கள் கண்முன் திறக்கச் சொல்லுங்கள். கொடுப்பதற்கு முன் டிஸ்கின் வரிசை எண்ணைக் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்வதும் நல்லது.

கடைக்காரரிடம் இவற்றையெல்லாம் வைத்துக் கேட்டபோது, சீட்டின் அடியில் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்த 'தரவு இழப்புக்கு நிறுவனம் பொறுப்பல்ல' என்ற வரியைக் காட்டினார். பிறகு ஓராண்டுக்கு ஆன்டிவைரஸ் இலவசமாகப் போட்டுத் தருவதாகச் சொன்னார். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, கவனக்குறைவால் நுகர்வோருக்கு இழப்பு ஏற்படுத்துவதையும், தெரிவிக்க வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் சேவைக் குறைபாடு என்றே வரையறுக்கிறது. பில் தர மறுப்பது நேர்மையற்ற வணிக நடைமுறைகளுள் ஒன்று. ஒரு பொடி வரியால் இவை எல்லாவற்றையும் துடைத்துவிட முடியும் என்று நான் கருதவில்லை.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்திருக்கிறேன். கடையிலிருந்து இதுவரை பதில் இல்லை. அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு தயாராகிக்கொண்டிருக்கிறது. நிகழ்வு நடந்து இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைத்தாக வேண்டும் என்பதும் இல்லை. சீட்டு, ஜிபே பதிவு, டிஸ்கின் நிலையையும் பயனர் கோப்புறையின் தேதியையும் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டுகள் ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். உங்களுக்கும் எஃப் என்று தொடங்கும் எண் பெயர்களோடு கோப்புகள் திரும்பி வந்திருந்தால், பழைய டிஸ்க் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதில் எதையும் சேமிக்காமல், பயனர் கோப்புறை உருவான தேதியைக் கடைச் சீட்டின் தேதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.