கிரிமினல் லா ஆன்லைன் கோர்ஸ்: ப்ரொஃபசருக்காகவே எடுக்கலாம்

கிரிமினல் சைடு போகணும்னு இருக்கிறவங்க, அதுலயும் பின்னாடி லா காலேஜ்ல பாடம் எடுக்கணும்னு ஆசை இருக்கிறவங்க இந்த ரெக்கார்டட் கோர்ஸ கண்டிப்பா எடுங்க. நடத்துறவர் சர்வீஸ் முழுக்க கோர்ட்டு, கிரிமினல் லா இந்த ரெண்டுலயே இருந்தவர். கிளாஸ் இல்லாத நாள்ல விசாரணை கோர்ட்டுக்குப் போய் பின்னாடி பெஞ்சுல உக்காந்து நோட்ஸ் எடுக்கிறதயும் தன் வேலையாவே வெச்சிருந்தாராம், கேக்கும்போதே அது தெரியுது.

வழக்கமா செக்ஷன், டெஃபனிஷன், லீடிங் கேஸ்னு ஓட்டிட்டுப் போயிடுவாங்க இல்லையா, இவர் கிடியன் கேஸ் ஒண்ணுக்கே ரெண்டு லெக்சர் எடுத்துக்கறார். 1961ல ஃப்ளோரிடாவுல கிடியன்கிறவர் ஒரு பூல் ஹால (பில்லியர்ட்ஸ் மாதிரி ஆட்டம் ஆடற இடம்) உடைச்சு திருடினதா கேஸ், வக்கீல் வெக்க காசில்ல, கேட்டும் கோர்ட்டு குடுக்கல, தானே வாதாடி 5 வருஷம் தண்டனை வாங்கி, ஜெயில்லருந்து பென்சில்ல மனு எழுதிப் போட்டு, 1963ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு அவர் பக்கம் தீர்ப்பு சொல்லுச்சு. இதுவரைக்கும் எல்லா புக்லயும் இருக்கு. இவர் அங்க நிறுத்தாம மறுவிசாரணைக்குள்ள கூட்டிட்டுப் போறார். ‘உன் வண்டில வந்தேன்னு யார்கிட்டயும் சொல்லாத’ன்னு கிடியன் சொன்னதா டாக்ஸி டிரைவர் சாட்சி, கேட்டா சந்தேகம் வரத்தானே செய்யும்? இந்த தடவை வக்கீல் இருக்கார், இதுக்கு முன்னாடியும் கிடியன் அப்படி சொல்லியிருக்காரான்னு குறுக்கு விசாரணைல கேக்கறார், ஆமா, கிடியனுக்கு பொண்டாட்டியோட தகராறு, அதான்னு டிரைவரே சொல்லிடறார். ஜூரி சுமார் ஒரு மணி நேரத்துல விடுதலை பண்ணிட்டாங்க. வக்கீல் எதுக்குன்னு இத விட தெளிவா யாரும் எனக்கு சொல்லிக்குடுத்ததில்ல.

உல்மிங்டன் கேஸும் (1935, இங்கிலாந்து, குற்றத்த நிரூபிக்கிற பொறுப்பு அரசு தரப்போடதுன்னு சொன்னது) நல்லாவே போகுது.

குறைன்னா ப்ளீ பார்கெயினிங்குக்கு (தண்டனைய கொறைக்க பேரம் பேசி குற்றத்த ஒத்துக்கறது) ஒரே ஒரு லெக்சர்தான். அமெரிக்க ஃபெடரல் கோர்ட்டு தண்டனைகள்ல 97% குற்றத்த ஒத்துக்கிட்டதால வர்றதுன்னு அங்க சுப்ரீம் கோர்ட்டே 2012 தீர்ப்புல சொல்லியிருக்கு, அப்போ விசாரணையே நடக்காத கேஸ்தான் ஜாஸ்தி, அதுக்கு இன்னும் நேரம் ஒதுக்கியிருக்கணும். டவுட் கேட்டா பதில் வர ரொம்ப லேட்டாகுது, சப்டைட்டில் சுமார்.

கடைசி லெக்சர் டீச்சிங் கெரியர் பத்தி. பாடம் எடுக்க வர்றதுக்கு முன்னாடி கொஞ்ச வருஷமாவது ப்ராக்டீஸ் பண்ணுங்க, சாட்சி பயத்துல தண்ணி கேக்கறத நேர்ல பாக்காதவங்களால எவிடென்ஸ் நடத்த முடியாதுங்கறார், எனக்கு அது நூத்துக்கு நூறு சரின்னு படுது. எக்ஸாமுக்கு செக்ஷன் மனப்பாடம் பண்றவங்களுக்கு இது செட்டாகாது, அவங்க வேற கோர்ஸ் பாத்துக்கலாம்.