ஹட்டன் உயிரியல் வகுப்பும் ‘ஹைப்பர்’, ‘ஹைப்போ’ விளக்கமும்

ஹட்டனில் உயர்தர மாணவர்களுக்காக வார இறுதியில் நடைபெறும் இந்த உயிரியல் வகுப்பில் எனது மகள் படிக்கிறாள். கலைச்சொற்களை மனனம் செய்ய விடாமல் வேரிலிருந்து விளக்கும் முறைக்காகவே இதைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன்.

‘மேலே, அளவுக்கு மிஞ்சி’ என்று பொருள்படும் கிரேக்க முன்னொட்டான ‘ஹைப்பர்’, இலத்தீன் ‘சூப்பர்’, ஆங்கில ‘ஓவர்’, சமஸ்கிருத ‘உபரி’ ஆகியவற்றோடு ஒரே மூலத்திலிருந்து கிளைத்தது என்பதையும், உபரி வருமானம் என்று நாம் எழுதும்போது வருவது அந்தச் சமஸ்கிருதச் சொல்லே என்பதையும் ஆசிரியர் கரும்பலகையில் கிளைப்படமாக வரைந்து காட்டுகிறார். ‘கீழே, குறைவாக’ என்னும் ‘ஹைப்போ’வுக்கு இலத்தீன் ‘சப்’பும், ‘உபநதி’யில் உள்ள ‘உப’வும் உறவு. இதைப் புரிந்துகொண்ட பிள்ளைக்கு, தோலுக்குக் கீழே மருந்து செலுத்தும் ஊசி ஏன் ‘ஹைப்போடெர்மிக்’ என்பதும், குருதியில் குளுக்கோசு குறைந்தால் ‘ஹைப்போகிளைசீமியா’, மிகுந்தால் ‘ஹைப்பர்கிளைசீமியா’ என்பதும் தாமாகவே விளங்கிவிடுகின்றன.

மண்டபம் நெருக்கமானது, அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் வகுப்பில் வழங்கும் அச்சுக் குறிப்புகள் மங்கலாக இருப்பதை நிர்வாகம் உடனே திருத்த வேண்டும், ஏனெனில் ஓரெழுத்து தெளியாவிட்டால் இவ்விரு முன்னொட்டுகளும் மாறி, நோயின் பொருளே தலைகீழாகிவிடும்.