ஹட்டன் மழையில் கல் தெரியும் கொங்கிரீட் பாதை: சில வருடப் பாவனைக்குப் பிறகு

வீட்டுக்கு வாகனம் ஏறும் பாதைக்கும் பின்பக்க முற்றத்துக்கும் கல் தெரியும் கொங்கிரீட் போட்டிருக்கிறேன். மேல் சீமெந்தை இறுக முன் கழுவி எடுத்து, உள்ளே இருக்கிற கல்லைத் தலை காட்ட விடுவதுதான் அது, கடைகளில் எக்ஸ்போஸ்ட் அக்ரிகேட் என்று கேட்டால் தெரியும். பாதை 2021 தொடக்கத்தில் போட்டது, முற்றம் 2023இல். இடம் ஹட்டனுக்கும் டிக்கோயாவுக்கும் இடையில், மே மாதம் தென்மேல் பருவமழை பிடித்தால் செப்டெம்பர் வரை விடாத பக்கம். பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது "சதுர அடி என்ன விலை?" என்றுதான். மேலே மினுங்குகிற கல்லுக்கு ஆகிற காசு கொஞ்சம்தான். மலைநாட்டில் பெரிய செலவு தண்ணீரை வழியனுப்புவதற்கு, அதில் கை வைத்துச் சிக்கனம் பிடித்தால் மேலே எந்தக் கல் போட்டாலும் பிரயோசனமில்லை.

இதைத் தேர்ந்தெடுத்த காரணம் பாசி. ரோட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஆறடிக்கு ஓரடி என்று ஏற வேண்டும். முன்பு இருந்தது வழுவழுப்பாகப் பூசிய சாதாரண சீமெந்து. ஜூன், ஜூலையில் அதில் பச்சை பிடித்துவிட்டால் த்ரீவீலர்காரர்கள் கேட்டடியிலேயே இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள், காஸ் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு ஏறுவது நம் பாடு. இன்டர்லொக் கல்லையும் யோசித்துப் பார்த்தேன். சமதரையில் அது நல்ல சாமான்: ஒன்று உடைந்தால் மாற்றலாம், குழாய் பழுதானால் கழற்றிவிட்டுத் திரும்ப அடுக்கலாம். பண்டாரவளையில் மச்சான் வீட்டில் அதுதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சரிவில் ஓரக்கட்டு கொஞ்சம் இளகினாலும் வரிசை வரிசையாகக் கீழே நகரும், அடியில் இருக்கிற மணலை மழை அரித்துக்கொண்டு போகும், இடுக்கெல்லாம் புல். தார் போட இவ்வளவு சின்ன வேலைக்கு யாரும் வருவதில்லை.

சரி, கணக்குக்கு வருவோம். ரூபாயை விட அளவை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நான் பாதை போடும்போது ஆயிரம் ரூபாய் அளவில் இருந்த சீமெந்து மூட்டை 2022 நெருக்கடியில் மூவாயிரத்தைத் தொட்டது, அந்த நேரத்தில் பழைய எஸ்டிமேட்டை வைத்துக்கொண்டு வேலை தொடங்கியவர்கள் பாதியில் நின்றார்கள். பன்னிரண்டடி அகலம், ஐம்பதடி நீளம், அதாவது 600 சதுர அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். கார், வேன் மட்டும் ஏறும் பாதைக்கு நாலு அங்குலத் தடிப்பு போதும். அப்படிப் பார்த்தால் 200 கன அடி, இரண்டு கியூப் கொங்கிரீட். சீமெந்து ஒன்றுக்கு மணல் ஒன்றரை, கல் மூன்று என்ற கலவையில் சேதாரத்தோடு சேர்த்து ஐம்பது மூட்டை சீமெந்து, ஒரு கியூபுக்குச் சற்றுக் குறைய மணல், ஒன்றே முக்கால் கியூப் கல் வரும். அடியில் நாலு அங்குலம் ஏபிசி, அதாவது தூளும் சில்லுமாகக் கலந்த உடைகல், போட்டு அடிக்க வேண்டும், அடித்தால் அமுங்கும் என்பதால் டிப்பரில் இரண்டரை கியூபுக்கு மேல் இறக்க வேண்டும். அப்புறம் கொங்கிரீட்டுக்குள் வைக்கும் பீஆர்சி கம்பி வலை. இவ்வளவும் எந்தக் கொங்கிரீட் பாதைக்கும் பொதுவான செலவு. கல் தெரிய வைப்பதற்கென்று மேலதிகமாக வருவது தெரிவு செய்த கல், மேல் தோல் இறுகுவதைப் பிந்தச் செய்யத் தெளிக்கும் ரிட்டாடர், கழுவுகிற கூலி, கடைசியில் தண்ணீர் ஊறாமல் பூசும் சீலர். என் வேலையில் நிலம் வெட்டியது, ஏபிசி, தண்ணீர் ஓட இரண்டு பக்கக் கான், பாதை சறுக்காமல் கீழ்முனையில் தாங்கும் பீம் இவை மட்டும் மொத்தத்தில் பாதிக்குக் கிட்ட வந்தன. சமதரையில் சும்மா போட்டுக் கொடுக்கும் கொழும்பு எஸ்டிமேட்டில் இந்த வரிகளே இருக்காது.

இன்னொரு செலவை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. எங்கள் பக்கம் நிறைய வீடுகளுக்கு டிப்பர் வாசல் வரை வராது, ரெடிமிக்ஸ் லொறியைப் பற்றிப் பேசவே வேண்டாம். ரோட்டில் கொட்டினால் அள்ளிச் சுமக்கும் கூலி தனி, அதுவும் மேட்டில் என்றால் ஆள் கணக்கு கூடும். மிக்ஸர் மெசினை வாடகைக்கு எடுத்து அங்கேயே குழைப்பதுதான் வழி. அப்படிக் குழைக்கும்போது ஒரு தடவைக்கு ஒரு தடவை நிறம் மாறாமல் இருக்க, சீமெந்து ஒரே பிராண்டாகவும் கல் ஒரே லோடாகவும் இருக்க வேண்டும். கல் பத்தாமல் போய் பிறகு வாங்கினால் வேறு குவாரி, வேறு நிறம், பாதையில் பட்டை பட்டையாகத் தெரியும்.

கல் தெரிவில் என் அபிப்பிராயம் கொஞ்சம் பிடிவாதமானது. சரிவுப் பாதைக்கு உருண்டைக் கூழாங்கல் வேண்டாம், அரை அங்குலம் அளவில் உடைத்த கருங்கல்தான் டயருக்குப் பிடி கொடுக்கும். முற்றத்துக்குக் கூழாங்கல் நல்லது, வெறுங்காலில் நடக்கிற இடம். ஆற்றுக் கூழாங்கல் வாங்கும்போது, விற்பவரிடம் புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லாத லோடு வழியில் பிடிபட்டால் உங்கள் வேலைதான் நிற்கும். வெள்ளையாக அழகாக இருக்கிறதே என்று மாபிள் சில்லை எடுக்காதீர்கள், கடைசியில் சீமெந்துப் பூச்சு போக அசிட் ஊற்றிக் கழுவும்போது அது நுரைத்துக் கரையும். துரு நிறக் கோடு ஓடும் கல்லும் வேண்டாம், ஈரத்தில் வருடா வருடம் மஞ்சள் வடியும்.

காசு மிச்சம் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. நல்ல கல்லைக் கொங்கிரீட் முழுக்கக் கலக்காமல், சாதாரணக் கொங்கிரீட் ஊற்றி மட்டம் பிடித்த உடனே மேலே மட்டும் தூவி, பலகையால் தட்டி அமுக்குவது. என் முற்றம் அப்படித்தான் செய்தது, இதுவரை கல் கழன்றது மிகக் குறைவு. சரிவில் இது சரிவராது, தூவின கல் கீழ்ப்பக்கமாக ஒதுங்கிவிடும்.

வேலை நாளைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் மலைநாட்டுக் குளிர் விளையாடும். கொங்கிரீட் இறுகி, ஆனால் மேல் தோல் மட்டும் இளக்கமாக இருக்கும்போது கழுவ வேண்டும். முந்திக் கழுவினால் கல்லே பிடுங்கிக்கொண்டு வரும், பிந்தினால் எவ்வளவு தேய்த்தாலும் சீமெந்து போகாது. கொழும்பில் வேலை செய்து பழகின இன்னொரு பாஸ் (மேசன்) பின்னேரமே கழுவிவிடலாம் என்று சொல்லியிருந்தார். எங்கள் பாஸ் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். "தம்பி, இது கொழும்பு வெயில் இல்ல. ராத்திரி கெடக்கட்டும், விடிஞ்சுதான் கை வைக்கணும்" என்று ரிட்டாடர் தெளித்துப் பொலித்தீன் விரித்து மூடிவிட்டுப் போனார். விடியற்காலையில் வந்து பொலித்தீனின் ஒரு மூலையைத் தூக்கி, பெருவிரலால் அழுத்திப் பார்த்தார், தடம் விழவில்லை. பிறகு நைலோன் தூரிகையால் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் தேய்த்து, குவளையால் தண்ணீர் ஊற்றினார். சாம்பல் நிறக் குழம்பு ஓடியது, கல் தலை காட்டியது, ஒரு கல் கூட அசையவில்லை. அப்போதுதான் மற்ற ஆட்களை இறங்கச் சொன்னார். கல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெளியே தெரியக் கூடாது என்பது அவர் கணக்கு, மற்ற பங்கு சீமெந்துக்குள் இருந்தால்தான் பிடிப்பு. முற்றத்தில் ரிட்டாடருக்குப் பதில் சீனித் தண்ணீர் தெளித்தோம், சீனி சீமெந்து இறுகுவதைப் பிந்தச் செய்யும் என்பது உண்மைதான், வேலையும் செய்தது, ஆனால் சமமாகத் தெளிக்க முடியாததால் இரண்டு மூன்று இடங்களில் ஆழம் கூடிக் குறைந்திருக்கிறது. சின்ன இடத்துக்குப் பரவாயில்லை, பாதைக்கு அதை நம்ப மாட்டேன்.

கழுவுகிற தண்ணீர் எங்கே போகும் என்று முன்பே பாருங்கள். மலையில் நம் கழிவு கீழ்வீட்டுக்காரன் தோட்டத்துக்குத்தான் இறங்கும், சீமெந்துத் தண்ணீர் காரம் கூடியது, லீக்ஸ் பாத்திக்குள் போனால் பயிர் கருகும், அப்புறம் வாய்ச்சண்டை. பாதை முடிகிற இடத்தில் ஒரு குழி வெட்டி அதில் தேக்கி, வண்டல் படிந்து காய்ந்த பிறகு அள்ளிப் போட்டோம்.

பாஸிடம் சதுர அடிக் கணக்கில் பேசினால் அவசரம் வரும், கழுவுகிற காலையில் அவர் வேறு வீட்டில் நிற்பார். கொங்கிரீட் வரைக்கும் சதுர அடி, கழுவுகிறதுக்கு நாட்சம்பளம் என்று பிரித்துப் பேசினேன். பெரிய வேலைக்கு முன்னால் இரண்டடிக்கு இரண்டடி ஒரு மாதிரித் துண்டு போடச் சொல்லுங்கள், அரை மூட்டை சீமெந்து கூடப் போகாது. அந்தத் துண்டை நனைத்துச் செருப்போடு ஏறிப் பாருங்கள்.

இத்தனை வருடத்தில் என்ன ஆனது? வழுக்குவதில்லை, அதுதான் பெரிய நிம்மதி. பாசி வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், வரும். கல்லுக்கு இடையில் உள்ள சீமெந்தில் கறுப்பாகப் பிடிக்கும், ஆனால் கல்லின் முனை மேலே இருப்பதால் டயருக்கும் செருப்புக்கும் பிடி கிடைக்கிறது. ஜனவரி, பெப்ரவரியில் வெயில் பிடிக்கும்போது பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றி, கொஞ்ச நேரம் விட்டு முரட்டுத் தூரிகையால் தேய்த்தால் போகும். பிரஷர் வொஷர் வாங்கின உற்சாகத்தில் கூர்முனையைக் கிட்டே பிடிக்காதீர்கள், கல் தெறிக்கும்.

சீலர் விஷயத்தில் கடைக்காரர்கள் காட்டும் பளபளப்பு அக்ரிலிக் வகை. ஈரம் இருக்கும்போது பூசினால் பால் படிந்ததுபோல் வெளுக்கும், சரிவில் வழுக்கலும் கூடும், இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு தடவை திரும்பப் பூச வேண்டும். கொங்கிரீட்டுக்குள் ஊறிப் போகும் சிலேன், சிலொக்சேன் வகைக்குப் பளபளப்பு இல்லை, விலை கூட, ஆனால் பிடி குறையாது, எங்கள் மாதிரி ஈர இடத்துக்கு அதுதான். எதைப் பூசினாலும் தரை நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், ஹட்டன் பக்கம் அதற்கு ஜனவரி முதல் மார்ச் வரைதான் காலம். பதுளை, பண்டாரவளைப் பக்கம் டிசம்பர், ஜனவரியில் வடகீழ் மழை என்பதால் அவர்கள் நாள் வேறு.

குறைகளும் இருக்கின்றன. முற்றத்தில் பிளாஸ்டிக் கதிரை ஆடும். அம்மா மிளகு காயப்போட அந்த இடத்தை எதிர்பார்த்திருந்தார், தூசு கல்லிடுக்கில் நிற்பதால் பாய் விரிக்காமல் முடியாது. தும்புத்தடியால் கூட்டினால் குப்பை நகராது, ஈர்க்கு விளக்குமாறுதான் வேண்டும். பிள்ளைகள் விழுந்தால் முழங்கால் தோல் போகும். கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு மூலை வெடித்திருக்கிறது, பக்கத்து வேலைக்கு வந்த டிப்பர் மணலோடு அதில் பின்பக்கம் ஏறித் திரும்பியது, நாலு அங்குலம் அதைத் தாங்காது. அப்படி வண்டி வரும் இடம் என்றால் ஆறு அங்குலம் போடுங்கள். மற்றபடி எட்டடிக்கு ஒரு வெட்டு, ஓரங்குல ஆழம் போட்டிருப்பதால் வந்த மயிர் வெடிப்பெல்லாம் வெட்டுக்குள்ளேயே நின்றுவிட்டது.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழை மலைநாட்டைப் புரட்டிப் போட்டபோது இரண்டு பக்கக் கானும் நிரம்பி ஓடியது, பாதைக்கு அடியில் தண்ணீர் போகவில்லை, கீழ்முனை பீம் அசையவில்லை. மேட்டுக் கானில் இலையையும் மண்ணையும் மழைக்கு முன் அள்ளியிருந்ததும் உதவியது. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை, மண்சரிவு வந்தால் எந்தக் கொங்கிரீட்டும் நிற்காது, எத்தனையோ வீடுகள் அப்படியே போயின. பாதையில் வெட்டுக்குச் சம்பந்தமில்லாமல் குறுக்கே ஒரு வெடிப்பு விழுந்து, அது பக்கத்து மண்ணிலும் தொடர்ந்து போனால், பாஸைக் கூப்பிட்டுப் பூசாதீர்கள். கிராம சேவகருக்கும் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் சொல்லுங்கள். புதிதாகச் சரிவை வெட்டிப் பாதை எடுப்பதாக இருந்தாலும் அந்த நிறுவனத்தின் சிபாரிசை முதலில் பாருங்கள்.

காசு பத்தாதவர்களுக்கு என் பதில் இதுதான்: கானையும் ஏபிசியையும் குறைக்காதீர்கள், கல் தெரியும் வேலையைச் சரிவுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, மேலே சமமான இடத்துக்குச் சாதாரணக் கொங்கிரீட்டைப் போட்டுத் தும்புத்தடியால் குறுக்காகக் கோடு இழுத்துவிடுங்கள், குறைந்த செலவில் பிடியும் கிடைக்கும். எஸ்டிமேட் வாங்கும்போது நிலவேலை, கொங்கிரீட், கல் தெரியும் வேலை மூன்றையும் தனித்தனி வரியாக எழுதித் தரச் சொல்லுங்கள், ஒரே தொகையாகச் சொல்கிறவரிடம் எது குறைந்தது என்று கண்டுபிடிக்க முடியாது.