சீலாவின் பல்லும் ஈறும்: மண்டபத்தில் ஒரு மெயின் கூனோடு நான்கு வருடம்

ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் ஊரில் இருக்கும் எங்கள் வீட்டுக்குச் சீலா வந்தது 2021 ஆடியில். சென்னையில் இருந்த கொழுந்தன் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பும்போது, "ஒரு வருசம் மட்டும் வச்சுக்கங்க மதினி" என்று கூண்டோடு இறக்கிவிட்டுப் போனார். அந்த ஒரு வருசம் இன்னும் முடியவில்லை. மெயின் கூன் என்ற பெரிய பூனை இனத்துக் கடுவன், அப்போது இரண்டு வயது, ஏழரைக் கிலோ. திண்ணையில் நீட்டிப் படுத்திருந்ததைப் பார்த்து, சீலா மீன் கணக்காக இருக்கிறானே என்று அத்தைதான் பேர் வைத்தார்கள். இவன் வாய்க்காக நான் வாங்கியதில் எது உதவியது, எது அலமாரியில் தூங்குகிறது என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

முதல் வருடம் எதையுமே வாங்கவில்லை. வாய் நாறியது தெரியும். ஆனால் எங்கள் வீடு விசைப்படகு வீடு. காரப்பொடி மீனும் சூடை மீனும் தின்கிற பூனையின் வாய் மல்லிகையா மணக்கும்? இங்கேதான் கடற்கரைக்காரர்கள் ஏமாந்துபோகிறோம். மீன் வாடை கொஞ்ச நேரத்தில் போய்விடும். இவனுக்கோ விடியற்காலையில் வெறும் வயிற்றோடு கொட்டாவி விட்டாலும் அடித்தது. கீழக்கரைப் பக்கம் சங்குக்குள் இருக்கும் கறி அழுகிக் கழன்று வரட்டும் என்று போட்டு வைப்பார்களே, அந்த வாடை. அப்போதே உதட்டைத் தூக்கிப் பார்த்திருக்க வேண்டும். நான் பார்த்தது எட்டு மாதம் கழித்து, அவன் தலையைச் சாய்த்து ஒரு பக்கமாகவே மென்றபோது, வாயில் போன மீன் துண்டு கீழே விழுந்து விழுந்து வந்தபோது.

மேல் கடைவாய்ப் பல் இரண்டிலும் பழுப்பாகக் காரை. படகின் அடியில் கொட்டலசு ஒட்டியிருக்குமே, அதே மாதிரி. பல்லும் ஈறும் சேருகிற இடத்தில் சிவப்பு மையால் கோடு இழுத்தாற்போல இருந்தது. எச்சில் சுரக்கும் குழாய் அந்தப் பற்களுக்குப் பக்கத்தில் திறப்பதால் காரை முதலில் அங்கேதான் கட்டும் என்று பிறகு டாக்டர் சொன்னார். பல்லில் படியும் ஊத்தை மெத்தென்று இருக்கும்வரை துடைத்து எடுத்துவிடலாம். சில நாளில் அது கல்லாகிவிட்டால் எந்தப் பிரஷ்ஷுக்கும் அசையாது. மெயின் கூன் குட்டிகளுக்கு நிலைப்பல் முளைக்கிற ஆறேழு மாத வயதிலேயே ஈறு சிவப்பது உண்டாம். இவனுக்கு அப்போதே ஆரம்பித்திருக்கலாம், யார் பார்த்தார்கள்?

அடுத்து நான் செய்தது சுத்தத் தப்பு. பூனைக்கு முடி வெட்டிக் குளிப்பாட்டும் ஒரு கடையில், மயக்க மருந்தே வேண்டாம், அப்படியே சுரண்டி எடுத்துவிடலாம் என்றார்கள். எனக்கும் மயக்கம் என்றால் பயம். துண்டில் சுற்றிப் பிடித்துச் சுரண்டினார்கள். பல் வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது, நானும் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பினேன். நாற்றம் மட்டும் அப்படியே இருந்தது. வியாதி இருந்தது ஈறுக்கு அடியில், அங்கே அவர்கள் கை போகவே இல்லை. அதோடு, அவன் வாயை யார் தொட்டாலும் சீறுகிற பழக்கம் வந்தது. அந்தப் பயத்தைப் போக்கவே எனக்கு நான்கு மாதம் ஆனது.

2023 மாசியில் மதுரைக்குக் கொண்டுபோனோம். மயக்கம் கொடுப்பதற்கு முன்னால் இதயத்துக்கு எக்கோ எடுத்தார்கள். இந்த இனத்தில் இதயத் தசை தடித்துப்போகும் நோய் பரம்பரையாக வரும், அதற்குக் காரணமான ஒரு மரபணு மாற்றத்தை 2005-லேயே கண்டுபிடித்திருக்கிறார்கள். பெரிய பூனை, நல்ல பலசாலி என்று நம்பி மயக்க மருந்துக்கு விட்டுவிடக் கூடாது. சீலாவின் இதயம் நன்றாக இருந்தது. பல்லுக்கு எக்ஸ்ரே எடுத்தபோதுதான் கீழ்த்தாடையில் ஒரு பல்லின் வேர் கரைந்துகொண்டிருப்பது தெரிந்தது. வெளியே பார்த்தால் ஈறோரத்தில் மிளகளவு இளஞ்சிவப்புப் புள்ளி, அவ்வளவுதான். அதையும் பக்கத்துப் பல்லையும் பிடுங்கிவிட்டு, மற்றதை மெஷின் வைத்துச் சுத்தம் செய்தார்கள். முப்பது பல்லில் இரண்டு போச்சு. மூன்றாம் நாள் வேகவைத்த மீனை அவன் தின்ற வேகத்தைப் பார்த்து அத்தை, "இத்தனை நாளு வலியோடவா கெடந்தான், பாவி" என்று என்னைப் பார்த்துச் சொன்னார்கள். திட்டு அவனுக்கா எனக்கா என்று இன்றுவரை தெரியவில்லை.

சரி, பொருள்களுக்கு வருவோம். விரலில் மாட்டும் சிலிக்கான் பிரஷ் வேண்டாம். தடியாக இருக்கிறது, கடைவாய்க்கு எட்டவில்லை. இவன் ஒரே கடியில் நுனியைத் துண்டாக்கினான், நல்ல வேளை விழுங்கவில்லை. தண்ணீரில் கலக்கும் வாய் மருந்தும் எங்களுக்குச் சரிவரவில்லை. ஏற்கனவே உப்புத் தண்ணீர் ஊர், இவன் குடிநீர் வண்டித் தண்ணீரைத்தான் தொடுவான். மருந்து கலந்ததும் கிண்ணத்தை முகர்ந்துவிட்டு நகர்ந்தான். தண்ணீர் குறைந்தால் கடுவனுக்கு மூத்திரம் அடைக்கும், அந்த வம்பு நமக்கெதற்கு? பல்லுக்கென்றே விற்கும் பெரிய உருண்டைத் தீனி பரவாயில்லை. கடித்ததும் நொறுங்காமல் பல் உள்ளே இறங்குகிறது. வாங்குவதாக இருந்தால் பொட்டலத்தில் வி.ஓ.எச்.சி. (கால்நடைகளின் வாய் நலத்துக்கான குழு) முத்திரை இருக்கிறதா பாருங்கள். ஊத்தையோ காரையோ குறைகிறது என்று சோதனையில் காட்டிய பொருளுக்குத்தான் அதைக் கொடுப்பார்கள்.

கடைசியில் நிலைத்தது இரண்டு. காயத்துக்குக் கட்டும் காஸ் துணியும், கைக்குழந்தைக்கு வாங்கும் மெல்லிய பிரஷ்ஷும். வீட்டுப் பூனைகளுக்கு அந்தப் பிரஷ் பெரிதாக இருக்கலாம், இவன் வாய்க்குக் கச்சிதம். கூடவே நொதி கலந்த, கோழி ருசியுள்ள பூனைப் பேஸ்ட். நம் பேஸ்ட் ஆகாது. பூனைக்குத் துப்பத் தெரியாது, ஃபுளோரைடும் நுரையும் வயிற்றுக்குத்தான் போகும். முதல் இரண்டு வாரம் பேஸ்ட்டை விரலில் வைத்து நக்கவிட்டேன், அவ்வளவே. பிறகு காஸைச் சுற்றிக் கோரைப்பல்லை மட்டும் துடைத்தேன். கடைவாய்வரை போக வைகாசி ஆகிவிட்டது. வாயைத் திறக்கவே வேண்டாம், உதட்டை மட்டும் தூக்கி வெளிப்பக்கம் தேய்த்தால் போதும். உள்பக்கத்தைப் பெரும்பாலும் அவன் நாக்கே பார்த்துக்கொள்கிறது. இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு நிமிடம். வெயில் காலத்தில் டியூப் தண்ணீராக உருகுகிறது, ஃபிரிட்ஜில் நெத்திலிக் கருவாட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

2024 மீன்பிடித் தடைக்காலத்தில் ஒரு பாடம் படித்தேன். ஏப்ரல் 15 முதல் 61 நாள் எங்கள் படகு கரையில். மீன் குறைவு, அவனுக்கு முழுக்கக் கடைத் தீனிதான். மொறுமொறு தீனிதானே, அதுவே தேய்த்துவிடும் என்று நான் தினம் செய்வதை வாரம் ஒருமுறையாக்கினேன். ஐந்தாவது வாரம் உதட்டைத் தூக்கினால் அந்தச் சிவப்புக் கோடு திரும்பி வந்திருந்தது. பழைய குற்றமெல்லாம் மீன் மேல் போட்டிருந்தேன், அது பாவம். தினமும் தேய்க்க ஆரம்பித்து ஒரு மாதத்தில் கோடு மங்கியது.

இந்த வருடம் எடுத்த எக்ஸ்ரேயில் வலப்பக்கம் இன்னொரு பல்லில் சந்தேகம் இருக்கிறது, ஆறு மாதம் கழித்துத் திரும்பப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். வேர் கரைவதைப் பிரஷ் தடுக்காது என்று டாக்டர் நேரடியாகவே சொல்லிவிட்டார். ஈறும் நாற்றமும் மட்டும் இப்போது என் கையில். நேற்று ராத்திரி அசதியில் தேய்க்காமல் படுத்துவிட்டேன். பதினொரு மணிக்கு ஃபிரிட்ஜ் முன்னால் உட்கார்ந்து ஒரே கத்தல். பல்லுக்காக இல்லை, அந்தக் கோழிப் பேஸ்ட்டுக்காக.